முள் நடுவில் நின்ற பிறகு: கிளிப் ட்யூனர் வாங்கியது, பழகியது, பழுது பார்த்தது

எங்கள் கோயில் மண்டபத்தில் சனிக்கிழமை மாலை நடக்கும் இசை வகுப்புக்கு, மலேசியாவின் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் பட்டணத்துத் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் பிள்ளைகள் வருகிறார்கள். வயலின்கள், ஒரு வீணை, பஜனைக் குழு இளைஞர்களின் கிட்டார்கள், ஒரு மாண்டலின், பழைய தம்புரா ஒன்று, அதைவிடப் பழைய ஆர்மோனியம் ஒன்று. வயலின்களை ஒரே சுருதியில் நிறுத்திய பிறகுதான் பாடத்தைத் தொடங்க முடியும். ஒவ்வொன்றாக நானே வாங்கி, காதருகே வைத்து, தந்தியை முறுக்கும் பிருடையைத் திருகிக் கொடுத்து முடிப்பதற்குள் வகுப்பில் பாதி நேரம் கரைந்துவிடும். கடைசிப் பிள்ளைக்குச் சேர்த்துக் கொடுக்கும்போது முதல் பிள்ளையின் தந்தி இறங்கியிருக்கும்.

போதாக்குறைக்கு, மண்டபத்தின் பின்புறத் தகரக் கொட்டகையில் அதே நேரத்தில்தான் உருமி மேளப் பயிற்சி. தைப்பூசம் நெருங்கும்போது அவர்களுக்கும் வேறு நேரம் கிடைப்பதில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. ஆனால் கைப்பேசியில் இறக்கி வைத்திருந்த சுருதிச் செயலிகள் அந்த ஓசையில் திணறிப்போயின. செயலிக்கு ஒலிவாங்கிதான் காது. வயலினும் உருமியும் ஒன்றாகத்தான் அதில் போய் விழும். பிள்ளை 'ச' என்ற சட்ஜத் தந்தியை இழுத்தால் திரையில் சம்பந்தமில்லாத எழுத்துகள் ஓடும். வாத்தியத்தில் கவ்வ வைத்துச் சுருதி பார்க்கும் சிறு கருவிகளான கிளிப் ட்யூனர்களைப் பற்றி நான் விசாரிக்கத் தொடங்கியது இதனால்தான். பெட்டியோடு வரும் கையேடு பெரும்பாலும் கிட்டார் வாசிப்பவர்களுக்காக எழுதப்பட்டது. ச-ப-ச-ப என்று சட்ஜமும் பஞ்சமமும் மாறி மாறி வரும்படி தந்தி சேர்க்கும் நமக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. ஆகவே நான் வாங்கிப் பழகியதையும், கெட்டுப்போனதைப் பிரித்துச் சரிசெய்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

கிளிப் ட்யூனர் காற்றில் வரும் ஒலியைக் கேட்பதில்லை. கவ்வும் பகுதிக்குள் பீசோ என்ற மெல்லிய வட்டத் தகடு இருக்கிறது: கீழே பித்தளை, அதன்மேல் வெள்ளைப் பீங்கான் படலம். அது அதிரும்போது மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. தந்தியின் நடுக்கம் மரத்தின் வழியாகக் கவ்விக்கு வந்து அந்தத் தகட்டை அதே வேகத்தில் நடுக்குகிறது. நொடிக்கு எத்தனை நடுக்கம் என்று உள்ளே இருக்கும் சில்லு கணக்கிட்டு, சுரத்தின் பெயரைத் திரையில் காட்டுகிறது. மரத்தைத் தொடாத ஓசை அதை ஏறக்குறைய எட்டுவதே இல்லை. கொட்டகையில் உருமி உச்சத்தில் இருந்தபோதும் வயலின் தலையில் முள் ஆடாமல் நின்றதைப் பார்த்ததும், இது நம் மண்டபத்துக்கென்றே செய்த பொருள் என்று தோன்றியது.

வாத்தியச் சாமான் வேண்டுமானால் நாங்கள் ஈப்போவுக்குப் போவோம், இல்லாவிட்டால் ஷாப்பி இணையக் கடையில் தேடுவோம். ட்யூனர் இருபது ரிங்கிட் வெள்ளிக்குக் கீழேயும் கிடைக்கிறது; முந்நூறு வெள்ளியை ஒட்டியும் இருக்கிறது. விலை ஏற ஏறப் பெரிதாக விளம்பரம் செய்யப்படுவது நுட்பம். கீழ் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம் வரையுள்ள ஒரு ஸ்தாயியை 1200 சென்ட்டாகப் பகுத்தால் அடுத்தடுத்த இரண்டு அரைச்சுரங்களுக்கு நடுவே 100 சென்ட் வரும். சாதாரண ட்யூனர் ஒரு சென்ட் முன்பின் காட்டும். பீட்டர்சன் நிறுவனத்தின் ஸ்ட்ரோப் வகைக் கிளிப் 0.1 சென்ட் வரை பிரித்துக் காட்டும். வீணையில் விரல் வைக்கும் குறுக்குக் கம்பிகளான மெட்டுகளைக் கட்டுபவருக்கும் கிட்டாரின் ஸ்வரத்தானங்களைச் சரிபார்ப்பவருக்கும் அந்த நுட்பம் தேவைப்படும். வயலின் பழகும் பிள்ளைக்குத் தேவைப்படாது. வில்லின் அழுத்தம் மாறினாலே சுருதி சில சென்ட் நகர்ந்துவிடும். விலை குறைந்த ட்யூனரையே வாங்கி, மிச்சப்பட்ட பணத்தில் நல்ல தந்தி வாங்குங்கள் என்று பெற்றோரிடம் தயங்காமல் சொல்கிறேன்.

விலையில் விட்டுக்கொடுக்கலாம், குரோமாட்டிக் முறையில் விட்டுக்கொடுக்கக் கூடாது. 'கிட்டார்', 'வயலின்' என்று பொத்தானில் முறை மாற்றும் வசதி இருந்தால் பலரும் வயலின் முறையில் வைத்துவிடுகிறார்கள். அந்த முறைக்கு ஜி, டி, ஏ, ஈ ஆகிய நான்கு சுரங்கள் மட்டுமே தெரியும். நாம் வேறு சுருதியில் சேர்க்கும்போது, பக்கத்தில் இருக்கும் எழுத்தைக் காட்டி 'இன்னும் ஏற்று, இன்னும் ஏற்று' என்று சொல்லிக்கொண்டே இருக்கும்; அதை நம்பித் திருகினால் தந்தி அறுந்துவிடும். பன்னிரண்டு சுரங்களையும் அடையாளம் காணும் குரோமாட்டிக் முறை இல்லாத ட்யூனர் நமக்கு வேண்டாம். ஆறு தந்திகளையும் ஒரே தடவை மீட்டிப் பார்க்கும் பாலிட்யூன் போன்ற வகையும் இருக்கிறது. கிட்டாரின் வழக்கமான சுருதிக்கு அது அருமையான வசதி. ச-ப-ச-ப வரிசைக்கு அந்த வசதியால் பயன் இல்லை.

திரையில் முள் இருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். ஜப்பானின் கோர்க் நிறுவனம் 1975இல் கைக்கு அடக்கமான ட்யூனரைக் கொண்டுவந்தபோது அதில் உண்மையான முள் அசைந்தது. இன்றைய திரையில் அது வெறும் கோட்டுப் படம்தான், ஆனாலும் பயன் மாறவில்லை: எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம், எந்தப் பக்கம் போகிறோம் என்று கண்ணுக்குத் தெரிகிறது. சிவப்பு, பச்சை விளக்குகளை மட்டும் நம்பும் வகையை வகுப்புக்கு வாங்கக் கூடாது. அந்த இரண்டு நிறங்களையும் பிரித்தறிய முடியாத பிள்ளைகள், குறிப்பாக ஆண் பிள்ளைகள், இருக்கிறார்கள். அது அவர்கள் வீட்டுக்கே தெரியாமல் இருக்கலாம்.

பேட்டரியைப் பற்றி இன்னும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான கிளிப் ட்யூனர்களில் இருப்பது சிஆர்2032 என்ற நாணய வடிவ பேட்டரி: 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3 வோல்ட். சிறு குழந்தை அதை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடுமையான புண் ஏற்படலாம், உயிருக்கே ஆபத்து. எங்கள் வகுப்புக்கு அக்காமாரோடு தம்பி தங்கைகளும் வந்து பாயில் விளையாடுவார்கள். அதனால் பேட்டரி மூடிக்குத் திருகு இல்லாத எதையும் மண்டபத்துக்குள் நான் விடுவதில்லை. நகத்தால் தள்ளினால் திறக்கும் மூடியாக இருந்தால் அதன்மேல் அகலமான ஒட்டு நாடாவைச் சுற்றித்தான் கொடுக்கிறேன். யூஎஸ்பி கம்பியில் மின்னேற்றும் வகை இப்போது மலிவாகிவிட்டது. உள்ளே இருக்கும் பேட்டரி தளர்ந்துவிட்டால் மாற்றுவது கடினம் என்றாலும், பிள்ளைகள் கூடும் இடத்துக்கு அதுவே மேல்.

வாங்கியாயிற்று; எங்கே கவ்வ வைப்பது? கிட்டாருக்குத் தலைப்பகுதி போதும். வயலினுக்குச் சுருள் தலையின் ஓரத்திலோ பிருடைப் பெட்டியின் பக்கத்திலோ பொருத்தி, திரையை வாசிப்பவரின் கண்ணை நோக்கித் திருப்பிக்கொள்ளலாம். நாம் தரையில் அமர்ந்து சுருள் தலையைக் காலில் ஊன்றி வாசிப்பவர்கள். அதனால் அந்த இடத்தில் நிரந்தரமாக எதையும் மாட்டி வைக்க முடியாது. சேர்த்து முடித்ததும் கழற்ற வேண்டும்.

வீணைதான் யோசிக்க வைத்தது. யாளி முகத்தின் வளைவில் கவ்வி வழுக்கியது. நீண்ட கழுத்தான தண்டி, கவ்வியின் வாய்க்கு அடங்காத பருமன். கடைசியில் பிருடையின் தலையிலேயே கவ்வ வைத்தேன், நன்றாகப் பிடித்தது. ஒரு நுணுக்கம் உண்டு: எந்தத் தந்தியைத் திருகப் போகிறோமோ அதன் பிருடையில் மாட்டினால் ட்யூனரும் சேர்ந்து சுழலும், திரை முகத்தைத் திருப்பிக்கொள்ளும். எனவே தாளம் காட்ட மட்டும் மீட்டும் தாளத் தந்தியின் பிருடை ஒன்றில் மாட்டிவிட்டு வாசிக்கும் நான்கு தந்திகளையும் சேர்க்கிறோம். பிறகு வாசிப்புத் தந்தியின் பிருடைக்கு மாற்றித் தாளத் தந்திகளைச் சேர்க்கிறோம். அதிர்வு எல்லாப் பிருடைகளுக்கும் பரவுவதால் காட்டுவதில் குறை ஏதும் இல்லை.

திரையில் வருவது ஆங்கில எழுத்து. பிள்ளைகளுக்குத் தெரிந்தது, ஆர்மோனியக் கட்டைகளின் எண்ணால் சுருதியைச் சொல்லும் 'கட்டை'க் கணக்கு. ஆகவே ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டினேன்: ஒரு கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. ஒன்றரை என்றால் சி ஷார்ப், இரண்டரை டி ஷார்ப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப், ஆறரை ஏ ஷார்ப். மூன்றரையும் ஏழரையும் கிடையாது, ஏனென்றால் ஈக்கும் எஃபுக்கும் நடுவிலும், பிக்கும் மேல் சிக்கும் நடுவிலும் கறுப்புக் கட்டை இல்லை.

வயலின் வகுப்புக்கு ஐந்து கட்டையைத் தேர்ந்தெடுத்தேன். பெண் பிள்ளைகளின் குரலுக்குப் பொருந்துகிறது, தந்திகளுக்கும் நல்லது. கடையில் வாங்கும் வயலின் தந்திகள் ஜி, டி, ஏ, ஈ என்ற வரிசைக்காகச் செய்யப்பட்டவை. ஐந்து கட்டையில் ச-ப-ச-ப என்றால் ஜி, டி, ஜி, டி. கீழே இருக்கும் இரண்டு தந்திகளும் அதே இடத்தில் இருக்கின்றன. மேலே இருக்கும் இரண்டை மட்டும் ஒவ்வொரு சுரம் இறக்கினால் போதும். எந்தத் தந்தியும் இயல்புக்கு மேல் முறுக்கப்படுவதில்லை, தொளதொளவென்று தொங்குவதும் இல்லை.

பிள்ளைகள் விரைவில் பழகிவிட்டார்கள். அதன் பிறகு ஐந்தாம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி ஒரு கேள்வி கேட்டாள். நான்காம் தந்தியிலும் மூன்றாம் தந்தியிலும் முள் நட்ட நடுவில் நின்று பச்சை விளக்கு எரிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து ஒரே வில்லில் இழுத்துப் பார்த்திருக்கிறாள்.

"டீச்சர், இரண்டும் சரி என்று காட்டுகிறது. ஆனால் சேர்த்து இழுத்தால் உள்ளே ஏதோ அலை மாதிரி வந்து வந்து போகிறதே?"

வயலினை வாங்கி இழுத்துப் பார்த்தேன். அவள் சொன்னது முழு உண்மை. ஒலி மெதுவாகத் தடித்தது, மெலிந்தது, மறுபடி தடித்தது. ஏறக்குறைய ஒன்றரை நொடிக்கு ஓர் அலை. பெரியவர்கள் பலர் கவனிக்காமல் போகும் அசைவு அது.

"அப்படியென்றால் மெஷின் தப்பாகக் காட்டுகிறதா, டீச்சர்?"

"தப்பு இல்லை கண்ணு. அது பியானோவின் பஞ்சமத்தைக் காட்டுகிறது. நம்முடைய பஞ்சமம் ஒரு மயிரிழை மேலே இருக்கிறது."

கணக்கு இதுதான். சட்ஜம் இரண்டு முறை அதிரும் நேரத்தில் மூன்று முறை அதிர்வது நம் பஞ்சமம். சென்ட்டில் சொன்னால் ஏறக்குறைய 702. ட்யூனரோ ஸ்தாயியைப் பன்னிரண்டு சமக்கூறாக வெட்டிய கணக்கில் இயங்குகிறது. அதன் பஞ்சமம் சரியாக 700. வித்தியாசம் இரண்டு சென்ட். நான்காம் தந்தி 196 ஹெர்ட்ஸில் (நொடிக்கு 196 அதிர்வு) இருந்தால் பஞ்சமம் 294இல் இருக்க வேண்டும். ட்யூனர் நிறுத்துவது 293.66இல். சட்ஜத் தந்தியின் மூன்றாவது மேல்சுரமும் (அடிச்சுரத்தின் மும்மடங்கு அதிர்வு) பஞ்சமத் தந்தியின் இரண்டாவது மேல்சுரமும் (இரு மடங்கு அதிர்வு) ஒன்றோடொன்று படிய வேண்டிய இடத்தில் நொடிக்கு முக்கால் அதிர்வுக்குச் சற்றுக் குறைவாக விலகி நிற்கின்றன. அந்த விலகல்தான் அவள் கேட்ட அலை. மேலே இருக்கும் ச-ப இணையில் அதே அலை இரு மடங்கு வேகத்தில் வரும்.

அவளிடம் பிருடையைத் தொட வேண்டாம் என்றேன். நுண்திருகியை மட்டும் மெல்லத் திருகச் சொன்னேன். அலை இரண்டு நொடிக்கு ஒன்றாக நீண்டது, பிறகு நான்கு நொடி, பிறகு நின்றேவிட்டது. இரண்டு தந்திகளும் ஒரே குரலாகி, வயலினின் வயிறே ஒலிப்பது போல மண்டபத்தில் நிறைந்தது. அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்! திரையில் முள் நடுவிலிருந்து வலப்பக்கம் ஓர் இழை நகர்ந்திருந்தது.

அன்றிலிருந்து வகுப்பின் முறையை மாற்றினேன். ட்யூனரை வைத்து நான்காம் தந்தியின் சட்ஜத்தை நிறுத்த வேண்டும். இரண்டாம் தந்தி அதே சட்ஜத்தின் மேல் ஸ்தாயி என்பதால் அதற்கும் பார்க்கலாம். ஸ்தாயிக் கணக்கில் நமக்கும் ட்யூனருக்கும் வேறுபாடு இல்லை. பஞ்சமங்கள் இரண்டையும் காதால், அலை நிற்கும்வரை சேர்க்க வேண்டும். விரல் வைக்கும் சுரங்களுக்குத் திரையைப் பார்க்கவே கூடாது. தம்புராவின் கீழ் சட்ஜமான மந்தரத் தந்தியை மீட்டினால் அதன் ஐந்தாவது மேல்சுரமாக 'க' சுரமான அந்தர காந்தாரம் தானாகவே ஒலிக்கும். அது ட்யூனரின் காந்தாரத்தைவிட ஏறக்குறைய 14 சென்ட் கீழே இருக்கிறது. காதில் தம்புரா சொல்லும் காந்தாரம் ஒன்று, கண்ணில் முள் காட்டுவது வேறொன்று என்றால் பிள்ளை எதை நம்பும்? கமகம் என்ற அசைவு உள்ள சுரத்தில் முள் நிற்கப்போவதே இல்லை.

வீணைக்கு வருகிறேன். எங்கள் வீணையைத் தனியாகத்தான் வாசிக்கிறோம், சுருதி மூன்று கட்டை. வாசிக்கும் தந்திகளில் சாரணியும் பஞ்சமமும் மந்தரமும் தடையில்லாமல் சேர்ந்தன. அனுமந்தரம் என்ற மிகத் தாழ்ந்த தந்தியில்தான் தொல்லை. மூன்று கட்டையில் அதன் பஞ்சமம் ஏறக்குறைய 62 ஹெர்ட்ஸ். கிட்டாரின் மிகத் தாழ்ந்த தந்தியே 82 ஹெர்ட்ஸ் என்பதால், மலிவான ட்யூனர்கள் அதற்குக் கீழே தடுமாறுகின்றன. தந்தி ஒலிப்பது பி, ஆனால் திரையில் பியும் எஃப் ஷார்ப்பும் மாறி மாறி வருகின்றன. அந்த எஃப் ஷார்ப், தந்தியின் மூன்றாவது மேல்சுரம். அடிச்சுரத்தைவிட அதைத்தான் பீசோ பலமாகப் பிடிக்கிறது. இதற்கு இரண்டு வழிகள் கைகொடுத்தன. மீட்டுக்கோல் இல்லாமல், நகமும் படாமல், விரல் சதையால் தந்தியின் நடுப்பகுதியில் மீட்டினால் மேல்சுரங்கள் அடங்குகின்றன. அதுவும் போதாவிட்டால் 12ஆம் மெட்டுக்கு நேர் மேலே தந்தியை இடக்கை விரலால் அழுத்தாமல் தொட்டுக்கொண்டு மீட்டி, உடனே விரலை எடுத்துவிட வேண்டும். அப்போது வருவது சரியாக ஒரு ஸ்தாயி மேலே இருக்கும் பி, 123 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேல். அதைத் திரை அசையாமல் காட்டுகிறது. மிச்சமிருக்கும் சிறு குறையை, சுருதியை நுணுக்கமாகத் திருத்தும் லங்கர் வளையத்தில் தீர்த்துக்கொள்ளலாம்.

தம்புராவில் தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக்கும் நடுவே வைக்கும் ஜீவா நூல் இருக்கும்வரை முள் நிற்காது. நூல் எழுப்பும் ரீங்காரம் முழுக்க மேல்சுரங்கள்தான். நூலை எடுத்துவிட்டுச் சேர்த்து, பிறகு நூலைப் போட்டு, மணிகளை நகர்த்திக் காதால் முடிப்பதுதான் முறை. மாண்டலினில் இணைத் தந்திகளில் ஒன்றை விரலால் அடக்கிவிட்டு மற்றதை ட்யூனரில் சேர்க்கிறோம், அடக்கியதைக் காதால் அதோடு படிய வைக்கிறோம். கிட்டாருக்கு ஒரே அறிவுரை: எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேர்க்க வேண்டும். மேலிருந்து இறக்கினால் திருகியின் பல்லில் தளர்ச்சி தங்கி, இரண்டாம் பாட்டுக்குள் தந்தி இறங்கிவிடும். மீட்டியவுடன் முள் சற்று மேலே துள்ளும். அது அடங்கிய பிறகு காட்டுவதே கணக்கு.

ஆர்மோனியத்தோடு பஜனை என்றால் வேறு கதை. அதன் நாக்குகளை நாம் திருத்த முடியாது. அது சொல்வதே சட்டம். நடு ஸ்தாயி ஏ சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ் என்பதைப் பன்னாட்டுத் தர அமைப்பு 1975இல் ஐஎஸ்ஓ 16 என்று வகுத்திருக்கிறது. ட்யூனர் பெட்டியிலிருந்து வரும்போது அந்த அளவில்தான் இருக்கும். எங்கள் ஆர்மோனியமோ அதைவிட ஏறியிருக்கிறது. உருமிப் பயிற்சி இல்லாத ஒரு வேளையில் ட்யூனரை, காற்றில் வரும் ஒலியைக் கேட்கும் மைக் முறைக்கு மாற்றி, ஐந்தாம் கட்டையை அழுத்திப் பார்த்தேன். முள் 15 சென்ட் வலப்பக்கம் நின்றது. 440ஐ ஒட்டிய இடத்தில் ஒரு ஹெர்ட்ஸ் என்பது ஏறக்குறைய நான்கு சென்ட். ஆகவே ஏ சுரத்துக்கு ட்யூனர் வைத்திருக்கும் அளவுகோலை 444க்கு ஏற்றினேன், முள் நடுவுக்கு வந்தது. இப்போது பஜனை நாளில் கிட்டார், மாண்டலின் எல்லாவற்றையும் 444இல் சேர்க்கிறார்கள், ஆர்மோனியத்தோடு கூடுகிறது. பஜனை முடிந்ததும் 440க்குத் திருப்ப வேண்டும். பஜனைக் குழுத் தம்பி ஒருவருடைய கிட்டார் கீபோர்டோடு ஒட்டவே இல்லை என்று கொண்டுவந்தார். பையில் கிடந்தபோது பொத்தான் அழுந்தி அளவுகோல் 435இல் நின்றிருந்தது. ஏறக்குறைய 20 சென்ட் இறக்கம். ஆறு தந்திகளும் தங்களுக்குள் சரியாக இருந்ததால் கிட்டாரைத் தனியாக வாசிக்கும்போது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ட்யூனரைத் திறந்ததும் அந்த எண்ணைப் பார்க்கும் பழக்கம் வேண்டும்.

இனிப் பழுது. வகுப்பில் அதிகம் கைமாறிய ட்யூனர் ஒன்று, விளக்கு எரிந்தும் எந்தத் தந்திக்கும் அசையாமல் போனது. முதலில் மைக் முறையில் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. மைக் முறைக்கு மாற்றி அதனருகில் பாடினால் காட்டியது. அப்படியானால் சில்லும் திரையும் நலம்; பீசோவிலிருந்து வரும் வழியில்தான் கோளாறு. கவ்வியை நகத்தால் தட்டினால் முள் துள்ள வேண்டும், துள்ளவில்லை. கவ்வியின் உட்புற ரப்பரைக் கத்தி முனையால் நெம்பி எடுத்தேன். கீழே பிளாஸ்டிக் மூடி, அதற்கும் கீழே பித்தளைத் தகடு. அதிலிருந்து மயிர்போல் இரண்டு கம்பிகள் கழுத்து மூட்டு வழியாகத் திரைப் பெட்டிக்குப் போகின்றன. கறுப்புக் கம்பி மூட்டுக்குள்ளேயே அறுந்திருந்தது. திரையை ஒரே பக்கமாகச் சுற்றிச் சுற்றிப் பிள்ளைகள் திருப்பியதில் முறுக்கேறி அறுந்திருக்கிறது.

கெட்டுப்போன இயர்போனின் கம்பி இதற்குப் போதும். அதன் இழைகளின்மேல் வண்ணப் பூச்சு இருப்பதால் நேரடியாக ஈயம் பிடிக்காது. பற்றுக்கோல் முனையில் ஈயத்தை உருக்கி, இழையின் நுனியை அதில் சில நொடிகள் அமிழ்த்தினால் பூச்சு கருகி ஈயம் ஏறும். தகட்டின் பித்தளை விளிம்பில் ஒரு கம்பி, வெள்ளைப் பீங்கானின்மேல் மற்றொரு கம்பி. பீங்கான் பக்கத்தில் அவசரம் தேவை. அதன்மேல் இருப்பது மெல்லிய வெள்ளிப் படலம். சூட்டை ஓரிரு நொடிக்கு மேல் வைத்தால் படலம் உரிந்துவிடும், பிறகு தகட்டையே மாற்ற வேண்டியதுதான். கம்பி அறுந்தது எந்த இடத்தில் என்பதை மறக்காமல், மூட்டுக்குள் ஒரு சுற்று தளர்வாக விட்டு வைத்தேன். திரை எதுவரை திரும்பலாம் என்று இரண்டு பக்கமும் நகப்பூச்சால் புள்ளி வைத்தேன்.

தகட்டை மறுபடி ஒட்டும்போது பஞ்சுள்ள இரட்டைப் பக்க நாடாவைத் தவிர்க்க வேண்டும். அதிர்வை அது விழுங்கிவிடும். ஒரு துளி எப்பாக்ஸி பசை போதும். பழைய ரப்பர் இறுகிப் பிளந்திருந்ததால் அதற்கும் மாற்று தேட வேண்டியிருந்தது. ரப்பராலான ஜப்பான் செருப்பின் அடிப்பகுதியை வெட்டி ஒட்டிப் பார்த்தேன். கவ்வியது, ஆனால் முள் சோம்பிக் கிடந்தது. சைக்கிள் டியூபில் வெட்டிய மெல்லிய துண்டை ஒட்டியதும் பழைய சுறுசுறுப்பு வந்தது. பீசோ இருக்கும் பக்கத்தில் ரப்பர் மெல்லியதாக இருக்க வேண்டும். எதிர்ப்பக்கத்தில் தடிப்பாக இருந்தாலும் பாதகமில்லை. எந்த ரப்பரானாலும் வாத்தியத்தில் இரவு முழுக்க விட்டுவிடக் கூடாது. சில வகை மெருகுகளில், குறிப்பாக நைட்ரோசெல்லுலோஸ் பூச்சில், ரப்பர் பட்ட இடம் கறை பிடித்துவிடும்.

இன்னொன்று அணைந்து அணைந்து எரிந்தது. நம் ஊர் ஈரத்தில் பேட்டரி தொடும் தகட்டின்மேல் வெளிர்ப் பச்சையாக மாசு படிந்திருந்தது. பேட்டரியை எடுத்துவிட்டுப் பென்சில் அழிப்பானால் தேய்த்து, மருந்துக் கடை ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்து, தகட்டை ஒரு நூல் அளவு மேலே வளைத்தேன். சரியாகிவிட்டது. பள்ளி விடுமுறைக்கு முன் பேட்டரிகளைக் கழற்றித் தனி டப்பாவில் பூட்டி வைப்பது இப்போது வழக்கம்.

அதே ஈரம் பிருடைகளையும் விடுவதில்லை. மழை நாளில் மரம் ஊதி இறுகிக்கொள்கிறது. குளிர்சாதன அறைக்குள் போனால் சுருங்கி வழுக்குகிறது. வழுக்கும் பிருடையைக் கழற்றி, பெட்டியைத் தொடும் இடங்களில் சாக்குக்கட்டியைத் தேய்த்து, உள்ளே தள்ளியபடியே திருகிப் பொருத்துகிறோம். பிருடை நிற்காத வயலினில் எந்த ட்யூனரை மாட்டினாலும் பயன் இல்லை.

வீணையில் இன்னொரு வேலை மிச்சமிருக்கிறது. சாரணியைத் திறந்தபடி மீட்டினால் முள் நடுவில் நிற்கிறது. 12ஆம் மெட்டில் அழுத்தினால் 8 சென்ட் ஏறிக் காட்டுகிறது. பக்கத்து மெட்டுகள் அப்படி இல்லை. வெயிலில் நிறுத்திய காருக்குள் வீணை இருந்த ஒரு நாளில் மெழுகு இளகி அந்த மெட்டு குதிரைப் பக்கம் நகர்ந்திருக்க வேண்டும். தேன்மெழுகும் குங்கிலியமும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் கை வைக்கும் பழக்கம் எனக்கு இல்லை. மெட்டுக் கட்டத் தெரிந்த பெரியவர் ஒருவர் ஈப்போவிலிருந்து வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். 12ஆம் மெட்டும் 24ஆம் மெட்டும் ஸ்தாயிச் சட்ஜங்கள் என்பதால் அவற்றைச் சரிபார்க்க ட்யூனரைத் தயாராக வைத்திருப்பேன். நடுவில் உள்ளவற்றை அவர் காதுக்கு விட்டுவிடுவேன்.